ஓடைக்கரைப் பழைய கல் சுவரைச் சுத்தம் செய்வது: தண்ணீரில் தொடங்கி, வரிசையாக

கொடைக்கானலைச் சுற்றிப் பழைய கருங்கல் சுவர் இருக்கும் இடத்துக்குக் கீழே பெரும்பாலும் ஓர் ஓடையோ வாய்க்காலோ இருக்கும். சரிவில் கட்டிய சுவர்கள் அல்லவா, மழைநீர் போக வழி விட்டுத்தான் கட்டியிருப்பார்கள். ஆகவே சுவரில் எதைத் தெளித்தாலும் அது ஓடைக்குப் போய்ச் சேரும்.

வீட்டுக்காரர்கள், மேஸ்திரிகள், கல்லூரி மாணவர்கள் என்று பலரோடு இந்தச் சுவர்களில் வேலை செய்திருக்கிறேன். கல்லையும் பார்க்கிறேன், கீழே ஓடும் நீரையும் பார்க்கிறேன். புதிதாக வருகிறவர்கள் முதலில் சறுக்குவது ஒரே இடத்தில்தான்: நேராகச் சுவரில் கை வைத்துவிடுகிறார்கள். இந்த வேலை ஓடையில் தொடங்க வேண்டும். கீழே சொல்லும் வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் அடுத்த படியில் நேரக்கூடிய ஒரு தவறைத் தடுப்பதற்காகவே அந்த இடத்தில் இருக்கிறது.

இது வீட்டுச் சுவர், தோட்டத் தடுப்புச் சுவர், பழைய பங்களாவின் அடித்தளம் போன்றவற்றுக்கான வழிமுறை. கோயில், கல்வெட்டு, தாண்டிக்குடிப் பக்கம் இருக்கும் கற்திட்டை (பழங்கால ஈமச் சின்னம்) போன்றவற்றுக்கு இது பொருந்தாது. அவற்றுக்கு உரிய துறையின் அனுமதியும் அவர்களின் வல்லுநரும் வேண்டும்.

1. சுவரிலிருந்து நீர் எங்கே போகிறது என்று நடந்து பாருங்கள்

ஒரு வாளித் தண்ணீரைச் சுவரின் அடியில் மெதுவாக ஊற்றி, அது போகும் வழியிலேயே நீங்களும் நடங்கள். கையில் ஒரு சாக்பீஸோ கொஞ்சம் கோலமாவோ இருந்தால் வழியைக் குறித்துக்கொள்ளலாம். மண்ணில் ஊறி நின்றுவிடுகிறதா, கல் பாவிய வடிகாலில் விழுகிறதா, எந்த இடத்தில் ஓடையைத் தொடுகிறது என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும்.

அந்த இடத்துக்குக் கீழே யார் அந்த நீரைப் பயன்படுத்துகிறார்கள் என்றும் விசாரியுங்கள். கேரட், பூண்டுத் தோட்டத்துக்கு மோட்டார் போட்டிருக்கலாம், துணி துவைக்கும் கல் இருக்கலாம், மாடு இறங்கும் துறை இருக்கலாம். கொடைக்கானல் ஏரி நிரம்பி வழியும் நீர்தான் வெள்ளி அருவியாக விழுகிறது. பாம்பாற்று நீர் இறங்கிக் கும்பக்கரையில் மக்கள் குளிக்கும் அருவியாகிறது. நம் மலையில் எந்த ஓடையும் நம் வேலியோடு முடிவதில்லை. கீழே இருக்கிறவர்களுக்கு வேலை நடக்கும் தேதியைச் சொல்லிவிடுங்கள்.

2. ஓடையின் நிலையை வேலைக்கு முன்பே பதிவு செய்யுங்கள்

இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். வேலை முடிந்த பிறகு "ஓடை நன்றாகத்தானே இருக்கிறது" என்பார்கள். முன்பு எப்படி இருந்தது என்று எழுதி வைக்காதவர் அப்படிச் சொல்ல முடியாது.

மூன்று இடங்களைத் தேர்ந்தெடுங்கள். சுவர் நீர் சேரும் இடத்துக்கு மேலே ஒன்று, சேரும் இடத்தில் ஒன்று, அங்கிருந்து சுமார் 50 மீட்டர் கீழே ஒன்று. மேல் இடம் எதற்கு என்று மாணவர்கள் கேட்பார்கள். மேலே யாராவது தோட்டத்தில் மருந்து அடித்து நீர் கெட்டிருந்தால் மூன்று இடத்திலும் மாற்றம் தெரியும். கீழ் இரண்டில் மட்டும் மாற்றம் இருந்தால் காரணம் உங்கள் சுவர். இந்த மேல் இடம் இல்லாமல் பழியை யார் மேலும் போடவும் முடியாது, நம் மேல் இல்லை என்று சொல்லவும் முடியாது.

இரண்டு வாரத்துக்குள் மூன்று முறை, ஒரே நேரத்தில், காலை 9 மணி என்றால் 9 மணிக்கே பாருங்கள். பகலில் பாசி ஆக்சிஜனை வெளிவிடும், இரவில் உள்ளே இழுக்கும். நேரம் மாறினால் எண்ணும் மாறும்.

எழுத வேண்டியவை: நீரின் வெப்பநிலை, பி.எச். அளவு (நீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்), கலங்கல், அடியில் படிந்த சேறு, வாடை. கலங்கலுக்குக் கருவி வேண்டாம். கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து ஓர் அச்சிட்ட தாளின் முன் வைத்து, எழுத்து தெரிகிறதா என்று பார்த்துப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கரைந்த ஆக்சிஜனை அளக்கும் வசதி இருந்தால் ஒன்றை மறக்காதீர்கள்: 15 டிகிரி நீரில் சமவெளியில் லிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் முழு அளவே 8-க்குச் சற்றுக் கீழேதான். சமவெளி அட்டவணையை வைத்துக்கொண்டு "ஓடை ஏற்கெனவே கெட்டுவிட்டது" என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எண்களைவிட முக்கியம், கல்லுக்கு அடியில் இருக்கும் உயிர்கள். நீர் சலசலக்கும் இடத்தில் தேங்காய் அளவில் மூன்று கற்களை மெதுவாக எடுத்து, வெள்ளை பேசினில் கொஞ்சம் ஓடை நீர் விட்டு, மெல்லிய பிரஷால் அதில் கழுவுங்கள். ஒரு நிமிடம் அசையாமல் காத்திருங்கள். அழுக்குத் துணுக்கு என்று நினைத்தது நடக்கத் தொடங்கும்.

மூன்று வால் இழையும் வயிற்றின் இரு பக்கமும் படபடக்கும் செவுள்களும் இருந்தால் அது பெரும்பாலும் மேஃப்ளையின் இளம்பூச்சி. இரண்டே வால் இருந்து, செவுள் வயிற்றுப் பக்கம் இல்லாவிட்டால் ஸ்டோன்ஃப்ளையாக இருக்கலாம். மணலையும் குச்சியையும் ஒட்டிக் குழாய் மாதிரி கூடு கட்டி அதற்குள் இருப்பது காடிஸ் புழு. இந்த மூன்றும் சுத்தமான, ஆக்சிஜன் நிறைந்த நீரை விரும்புபவை. இவை இல்லாமல் சிவப்பாக நெளியும் புழு மட்டும் மண்டிக் கிடந்தால் நீர் ஏற்கெனவே சிரமத்தில் இருக்கிறது. எத்தனை வகை, ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ எத்தனை என்று எழுதிவிட்டு, கற்களை எடுத்த இடத்திலேயே, எடுத்த பக்கமாகவே வையுங்கள். தலைப்பிரட்டை இருந்தால் அதையும் எழுதுங்கள்.

கடைசியாக, எவ்வளவு நீர் ஓடுகிறது என்று கணக்கிடுங்கள். ஒரு காய்ந்த இலையை விட்டு 5 மீட்டர் போக எத்தனை விநாடி என்று பாருங்கள். 60 செ.மீ. அகலம், 10 செ.மீ. ஆழம், 20 விநாடி என்றால் விநாடிக்கு 15 லிட்டர். மேல்நீர் அடிநீரைவிட வேகமாக ஓடும் என்பதால் 0.8-ஆல் பெருக்கினால் 12 லிட்டர். இந்த 12 என்ற எண் படி 7-இல் வேண்டியிருக்கும்.

3. மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

இங்கே இரண்டு நியாயங்கள் மோதும். சுவருக்கு நல்லது பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் கடைசி வரை. வடகிழக்குப் பருவமழை முடிந்திருக்கும், உறைபனியும் குறைந்திருக்கும், சாந்து உலர நேரம் கிடைக்கும். ஆனால் அந்த மாதங்களில்தான் ஓடை மெலிந்து ஓடும். மழைக்காலத்தில் ஓரளவு தாங்கும் கழிவைக்கூட அப்போது அதனால் தாங்க முடியாது.

மழைக்காலத்தில் செய்தால் நீர் அடித்துக்கொண்டு போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். அதை ஏற்காதீர்கள். மழையில் கழிவை நிறுத்தவே முடியாது, சாந்தும் கரைந்து போகும். பிப்ரவரி, மார்ச்சிலேயே செய்யுங்கள், ஆனால் ஒரு சொட்டுக்கூட ஓடைக்கு விடாமல் செய்யுங்கள். படி 9 முழுக்க அதற்காகத்தான்.

சுவர் இடுக்குகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். அரணை, தவளை இருக்கும். கல் இடுக்கில் புதர்ச்சிட்டு கூடு கட்டியிருந்தால் குஞ்சு பறக்கும் வரை அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள்.

4. ஈரத்தின் காரணத்தை முதலில் சரி செய்யுங்கள்

பாசி வருவது ஈரத்தால். ஓட்டுக் கூரையின் தகரத் தண்ணிக்குழாய் உடைந்திருக்கும். தடுப்புச் சுவரின் நீர் வடியும் துளைகள் மண்ணால் அடைபட்டிருக்கும். யாரோ சுவரை ஒட்டி மண்ணையும் எருவையும் குவித்திருப்பார்கள். இதைச் சரி செய்யாமல் சுவரைத் தேய்த்தால் இரண்டு மழைக்காலத்தில் பாசி திரும்பிவிடும், திரும்பத் தேய்ப்பீர்கள், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கல் போகும்.

பல சுவர்களில் இந்தப் படியோடு வேலை முடிந்துவிடும். குழாயை மாற்றி ஒரு வருடம் காத்திருந்தால் பாசி தானே காய்ந்து உதிர்ந்த சுவர்கள் உண்டு. அவசரம் இல்லை என்றால் காத்திருப்பதே என் யோசனை.

5. எது கல், எது அழுக்கு என்று பிரித்தறியுங்கள்

பழனி மலையிலும் நீலகிரியிலும் நாம் கருங்கல் என்று சொல்வது பெரும்பாலும் சார்னோகைட் என்ற பாறை. புதிதாக உடைத்தால் எண்ணெய் பூசியது மாதிரி நீலம் கலந்த சாம்பல் நிறமோ பச்சை சாயலோ தெரியும். அதில் இரும்பு உள்ள கனிமங்கள் உண்டு. நூறு மழை பட்டால் மேல்புறம் தேன் நிறத்தில், பழுப்பில் ஒரு தோல் போல மாறும். அது கல்லின் இயல்பான முதுமை. அந்தப் பழுப்பை அழுக்கு என்று நினைத்து உள்ளே நீலம் தெரியும் வரை தேய்ப்பவர்கள் கல்லின் தோலை உரிக்கிறார்கள்.

அடுத்து, பாசி. தமிழில் எல்லாவற்றையும் பாசி என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுவதால் இங்கே பெரிய குழப்பம் வருகிறது. சுவரில் மூன்று வேறு பொருள்கள் இருக்கும், மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

கை வைத்தால் வழுக்கும் பச்சை அல்லது கறுப்புப் படலம் முதல் வகை. இது கல்லின் மேலேயே இருக்கும், எளிதில் போகும். பஞ்சு மெத்தை போல் அடர்ந்து நிற்பது இரண்டாவது. இதன் வேர் போன்ற இழைகள் சாந்து இடுக்கில் பிடித்திருக்கும், இழுத்தால் சாந்தும் வரும். மூன்றாவது கல்பாசி. பிரியாணிக்குப் போடுகிறோமே, அந்த வகைதான். இலை மாதிரி விளிம்பு தூக்கி நிற்பதும் உண்டு, கல்லோடு வண்ணம் பூசியது மாதிரி ஒட்டிக் கிடப்பதும் உண்டு.

ஒட்டிக் கிடக்கும் கல்பாசிதான் ஆபத்தான இடம். அதன் பூஞ்சை இழைகள் கனிமங்களுக்கு நடுவே உள்ளே நுழைந்திருக்கும், ஆக்ஸாலிக் அமிலமும் சுரக்கும். காய்ந்திருக்கும்போது ஒரு துணுக்கைக் கத்தியால் சுரண்டி எடுத்து, அதன் அடிப்பக்கத்தைப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். வெயிலில் திருப்பினால் மினுக் மினுக்கென்று வெள்ளைப் பொடிகளும் செதில்களும் ஒட்டியிருக்கும். அந்த மினுமினுப்பு உங்கள் சுவர். இதை ஒரு முறை கண்ணால் பார்த்த மேஸ்திரி யாரும் அப்புறம் காய்ந்த கல்பாசியைச் சுரண்டியதில்லை.

எழுத்தோ செதுக்கலோ இல்லாத சாதாரணச் சுவரில் கல்பாசியை விட்டுவிடலாம். அது வளர்வது மிக மெதுவாக, எடுப்பதால் கல்லுக்கு வரும் சேதம் விடுவதால் வருவதைவிட அதிகம்.

வெள்ளையாகப் பூத்திருப்பது உப்பு. அதை நீரால் கழுவக் கூடாது, கரைந்து திரும்ப உள்ளே போய்விடும். காய்ந்த நாளில் மெல்லிய பிரஷால் தட்டி, தாளில் பிடித்து அப்புறப்படுத்துங்கள்.

6. சாந்து எது என்று பாருங்கள்

கல் இடுக்கில் ஓர் ஆணியால் கீறுங்கள். மாவாக உதிர்ந்து, நடுவே வெள்ளைக் கட்டிகள் தெரிந்தால் சுண்ணாம்புச் சாந்து. ஆணியின் இரும்புக் கோடு மட்டும் விழுந்தால் பிற்காலத்தில் அப்பிய சிமெண்ட்.

சார்னோகைட் நெருக்கமான கல், அதன் வழியாக ஈரம் மிகக் குறைவாகவே வெளியேறும். சுவர் மூச்சு விடுவது இடுக்கிலுள்ள சுண்ணாம்புச் சாந்து வழியாகத்தான். அதைச் சிமெண்டால் அடைத்தால் ஈரம் உள்ளேயே தங்கி, உள்பக்கச் சுவரில் பூஞ்சையாக வெளிப்படும். சிமெண்டில் உள்ள உப்புகளும் அந்த ஈரத்தோடு கிளம்பும். சுவரில் எங்கே சுண்ணாம்பு, எங்கே சிமெண்ட் என்று ஒரு படம் வரைந்து குறித்துக்கொள்ளுங்கள்.

7. பயன்படுத்தக் கூடாதவை, கணக்கோடு

"ரெண்டு பாட்டில் ஆசிட் அடிச்சா பளிச்னு ஆயிடும் சார்" என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள். பளிச்சென்று ஆவது உண்மை, ஒரு வாரத்துக்கு. ஒரு பழைய பங்களாவில் ஆசிட் அடித்துச் சில நாள் கழித்து என்னைக் கூப்பிட்டார்கள். அடுத்த மழையில் கல் முழுக்கத் தேநீர் சிந்தியது மாதிரி பழுப்புக் கறை வழிந்திருந்தது. கல்லில் இருந்த இரும்பை ஆசிட் கரைத்து வெளியே கொண்டுவந்துவிட்டது. இடுக்கில் நகம் மறையும் ஆழத்துக்குச் சுண்ணாம்பு காணாமல் போயிருந்தது. கீழே வாய்க்கால் குழியில் தலைப்பிரட்டைகள் வெளிறிப்போய்க் கரையோரம் ஒதுங்கிக் கிடந்தன. அந்தக் கறையை இன்றுவரை எடுக்க முடியவில்லை.

நம் மலை நீர் மென்னீர். சோப்பு சட்டென்று நுரைப்பதை வைத்தே அறியலாம். சுண்ணாம்புச் சத்து குறைந்த பாறையில் ஊறி வருவதால் ஆசிட்டையோ காரத்தையோ தாங்கிச் சமன் செய்யும் சக்தி அதற்குக் குறைவு. சமவெளிக் கிணற்றுநீர் தாங்கும் அளவை நம் ஓடை தாங்காது.

பிளீச்சிங் பவுடர் "வெறும் குளோரின்தானே, குடிநீரிலேயே போடுகிறார்களே" என்பார்கள். கணக்குப் போடுவோம். 1 கிலோ பவுடரில் சுமார் 30 சதவீதம், அதாவது 300 கிராம் குளோரின் இருக்கும். மீனுக்கும் நீர்ப்பூச்சிக்கும் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் அளவே எல்லை. அந்த அளவுக்கு நீர்க்க 3 கோடி லிட்டர் வேண்டும். விநாடிக்கு 12 லிட்டர் ஓடும் நம் ஓடையில் அது 29 நாள் நீர். வெயிலும் சேறும் பெரும்பங்கு குளோரினைத் தின்றுவிடும் என்று கழித்தாலும் ஒரு மதிய வேலைக்கு இது மிக அதிகம். மேலும் பிளீச்சிங் கல்லில் குளோரைடு உப்பை விட்டுவிட்டுப் போகும்.

பாசிக்கொல்லி என்று விற்கும் அமோனியம் வகை மருந்துகள் சுவரில் நன்றாகவே வேலை செய்யும். ஓடையிலும் அதே திறமையோடு கொல்லும். மயில்துத்தம் கலந்த மருந்தும் அப்படியே. களைக்கொல்லிகள் சிலவற்றில் ஒட்டுவதற்காகச் சேர்க்கும் சோப்பு போன்ற பொருள் தலைப்பிரட்டைக்கு விஷம். செடி முளைத்திருந்தால் அடியோடு வெட்டி, துளிர்க்கத் துளிர்க்க வெட்டுங்கள். பிடுங்கினால் கல் பெயரும்.

வேக நீர்ப்பம்பு இடுக்குச் சாந்தைத் தோண்டும். மணல் வீச்சு சமவெளிக் கோயில்களில் கல்வெட்டு எழுத்துகளை மழுங்கடித்ததைப் பலரும் அறிவோம். இரும்புக் கம்பி பிரஷின் துணுக்குகள் கல்லில் தங்கித் துருப்பிடிக்கும். பளபளப்பு வார்னிஷ், சிலிக்கான் பூச்சு எதுவும் வேண்டாம், ஈரத்தை உள்ளே பூட்டிவிடும்.

8. பொருள்களைச் சேருங்கள், சின்ன இடத்தில் சோதியுங்கள்

வேண்டியவை: நைலான் பிரஷ், தென்னை நார் பிரஷ், மூங்கிலில் சீவிய தட்டைக் குச்சிகள், கறுப்புத் தார்ப்பாய், கோணிப்பைகள், மணல் மூட்டைகள், இரண்டு பெரிய டிரம், பழைய பருத்தி வேட்டி, கைப்பம்பு ஸ்ப்ரேயர்.

ஸ்ப்ரேயர் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். தோட்டத்துக்கு மருந்து அடிக்கும் பம்பை இரவல் வாங்காதீர்கள். பத்துத் தடவை கழுவினாலும் ரப்பரிலும் குழாயிலும் பூச்சிக்கொல்லி ஒட்டியிருக்கும். ஓர் இடத்தில் வெறும் தண்ணீர் மட்டும் பயன்படுத்தியும் கீழே இளம்பூச்சிகள் குறைந்திருந்தன. பம்பு யாருடையது என்று கேட்டேன், பூண்டுத் தோட்டத்தில் இருந்து வந்ததாம். அன்றிலிருந்து புதுசுதான் வாங்குகிறேன்.

கண்ணில் படாத மூலையில் 20 செ.மீ. சதுரத்தில் முழு முறையையும் செய்து பார்த்து, ஒரு வாரம் விடுங்கள். நனைந்தபோது எல்லாச் சுவரும் அழகாகவே இருக்கும். காய்ந்த பிறகே உண்மை தெரியும்.

9. கழுவும் நீரைப் பிடிக்கும் ஏற்பாடு

சுவரின் அடியில் தார்ப்பாயை வாய்க்கால் மாதிரி மடித்து, மேல் விளிம்பை இடுக்கில் மரச் சக்கையால் செருகி, வெளி விளிம்பை மணல் மூட்டையால் உயர்த்துங்கள். சரிவின் கீழ்முனையில் ஒரு குழி தோண்டி டிரம்மை இறக்கி, தார்ப்பாயின் முனையை அதில் விடுங்கள். டிரம்மின் வாயில் வேட்டியை இரண்டாக மடித்துக் கட்டுங்கள். முதலில் இரண்டு குடம் நீர் ஊற்றி ஒழுகுகிறதா என்று பாருங்கள். எப்போதும் எங்காவது ஒழுகும். வேலை தொடங்கிய பிறகு அதைக் கண்டுபிடிப்பதில் பயன் இல்லை.

மருந்தே போடாதபோது இவ்வளவும் எதற்கு? கழுவும் நீரில் நுண்ணிய மண் இருக்கும். ஓடைக் கற்களுக்கு நடுவே அது அடைந்தால், அங்கே இடப்பட்ட முட்டைகளுக்கும் இளம்பூச்சிகளுக்கும் ஆக்சிஜன் போகும் வழி அடைபடும். பழைய பெயின்ட் இருந்தால் அதில் ஈயம் இருக்கக்கூடும், அதைத் தனியாகச் சேர்த்துப் பையில் கட்டுங்கள்.

டிரம் நீரை ஒரு இரவு தெளிய விட்டு, மேல்நீரை ஓடையிலிருந்து தள்ளி மேட்டு மண்ணில் ஊற்றுங்கள். பெயின்ட் கலக்காத அடிச்சேறு உரக்குழிக்குப் போகலாம்.

10. சுத்தம் செய்தல்

முதல் நாள் சுவரை லேசாகத் தெளித்து நனைத்து, கறுப்புத் தார்ப்பாயால் மூடி, விளிம்பை மூட்டை வைத்து அழுத்துங்கள். மூன்று, நான்கு வாரம் வெளிச்சம் இல்லாமல் இருந்தால் பச்சைப் படலமும் பஞ்சுப் பாசியும் நலிந்து பிடியை விட்டுவிடும்.

வெயில் நன்றாக விழும் சுவரில் கல்பாசிக்கும் இது உதவும். நனைந்திருக்கும் கல்பாசி 40 டிகிரி சூட்டைச் சில மணி நேரம்கூடத் தாங்குவதில்லை என்று இத்தாலியில் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காய்ந்த நிலையில் அது தூங்குகிறது, அதைவிட அதிகச் சூட்டையும் தாங்கிவிடும். இங்கேதான் புதியவர்கள் கோட்டை விடுகிறார்கள்: காய்ந்த சுவரை மூடிவிட்டு ஒரு மாதம் காத்திருப்பார்கள், ஒன்றும் நடக்காது. நாலு நாளுக்கு ஒரு முறை தார்ப்பாயைத் தூக்கித் தெளித்துவிட்டு மூடுங்கள்.

மூடி எடுத்த பிறகு மேலிருந்து கீழாக, ஒரு தடவைக்கு ஒரு சதுர மீட்டர் மட்டும். முதலில் பஞ்சுப் பாசியை மூங்கில் குச்சியால் நெம்பி, கையால் பிடித்துக் கூடையில் போடுங்கள். அப்புறம் தெளிப்பு, பத்து நிமிடம் பொறுமை, நார் பிரஷால் வட்டமாக மென்மையான தேய்ப்பு, மறுபடி தெளிப்பு. சதுர மீட்டருக்கு 5 லிட்டருக்கு மேல் நீர் போனால் தேய்ப்பதற்குப் பதில் கழுவிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். பிரஷில் மணல் நெருடினால் உடனே நிறுத்துங்கள், கல் உதிர்கிறது.

கொஞ்சம் கறை மிச்சம் இருக்கும். விட்டுவிடுங்கள்.

11. இடுக்குகளை அடைத்தல்

சுவர் ஒரு வாரம் உலர்ந்த பின் தளர்ந்த சாந்தை மட்டும் கை உளியால் எடுங்கள், இடுக்கின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு ஆழம் போதும். மின்சார அரவை இயந்திரம் கல்லின் விளிம்பைத் தின்றுவிடும். உறுதியாக நிற்கும் பழைய சிமெண்டை நோண்டாதீர்கள், பெயர்க்கும்போது கல் உடையும்.

தாளித்து (அதாவது நீர் ஊற்றி நீற்றி) ஆற வைத்த சுண்ணாம்பு 1 பங்கு, பெரும்பொடியான மணல் 3 பங்கு. சுண்ணாம்பு தாளிக்கும்போது கொதிக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், கண்ணாடி அணியாமல் கிட்டப் போகாதீர்கள். சமவெளியில் கடுக்காயும் வெல்லமும் சேர்ப்பது பழக்கம். இந்த ஈர மலையில் வெல்லத்தை நான் தவிர்க்கிறேன். பூஞ்சை பிடிக்கும், கரைந்து ஓடையில் சேர்ந்தால் அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் நீரின் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும்.

இடுக்கை நனைத்து, சாந்தை அழுத்தி அடைத்து, ஈரக் கோணியால் குறைந்தது பத்து நாள் மூடி வையுங்கள். சுண்ணாம்பு இறுகக் காற்றும் ஈரமும் இரண்டும் வேண்டும். இரவில் 5 டிகிரிக்குக் கீழே போகும் என்றால் தள்ளிப் போடுங்கள்.

வேலை முழுவதிலும் ஓடைக்கு மிக ஆபத்தான நேரம் இதுதான், ஆசிட்டைத் தவிர்த்துவிட்டோம் என்ற நிம்மதியில் கவனம் தளர்ந்திருக்கும் நேரமும் இதுதான். சுண்ணாம்பு நீரின் பி.எச். 12-க்கு மேல். 15 லிட்டர் வாளியில் சட்டி, கரண்டி கழுவிய தெளிநீரை ஓடையில் கொட்டினால், மென்னீரில் அது 9-க்குப் பக்கத்தில் இறங்கவே ஆயிரம் மடங்கு, 15,000 லிட்டர் வேண்டும். ஊருக்குள் ஓடும் ஓடை என்றால் கூடுதல் கெடுதி உண்டு. சாக்கடை கலந்த நீரில் அமோனியம் இருக்கும். பி.எச். 7-இல் அதில் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு அமோனியாவாக இருக்காது. 9-க்கு ஏறினால் ஐந்தில் ஒரு பங்கு நச்சாகிவிடும். சுண்ணாம்பு கொல்லாததை அது கொல்லும். கருவிகளைக் கழுவ ஒரு தனி டிரம் வையுங்கள். அந்த நீரைத் திறந்தே வைத்தால் மேலே வெள்ளை ஆடை படியும். அடுத்த நாள் சாந்து குழைக்க அதையே பயன்படுத்துங்கள்.

12. மறுபடி ஓடைக்குப் போங்கள்

வேலை முடிந்த மறுநாள், ஒரு வாரம் கழித்து, அப்புறம் முதல் கனமழைக்கு அடுத்த நாள், அதே மூன்று இடம், அதே நேரம், அதே வெள்ளை பேசின். கீழ் இரண்டு இடத்தில் மட்டும் பி.எச். அரைப் புள்ளிக்கு மேல் மாறியிருந்தாலோ, மேஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை, காடிஸ் வகைகள் மேலே இருந்து கீழே இல்லாமல் போயிருந்தாலோ எங்கோ ஒழுகியிருக்கிறது. தார்ப்பாய் போட்ட இடத்தை ஒவ்வோர் அடியாகப் பாருங்கள். சாந்து இன்னும் கரைகிறதா என்று பி.எச். தாளை ஈரச் சுவரிலேயே ஒட்டிப் பார்க்கலாம். கரைந்தால் கோணியை மறுபடி கட்டி, அடிநீரை டிரம்முக்குத் திருப்புங்கள்.

மேல் ஓடையிலிருந்து பூச்சிகள் நீரோடு மிதந்து வந்து கீழே மீண்டும் குடியேறும், அதற்கு வாரங்கள் ஆகலாம். அதனால் மேல் இடத்துக் கற்களை அடிக்கடி புரட்டாதீர்கள்.

அக்டோபரில் பருவமழை பிடித்ததும் ஒரு நாள் குடையோடு சுவர் முன்னால் கால் மணி நேரம் நில்லுங்கள். நீர் எந்த இடுக்கில் நுழைகிறது, எந்தத் துளையில் வடிகிறது, எது இன்னும் அடைந்திருக்கிறது என்று பார்த்து அதே நோட்டில், ஓடைக் கணக்குக்கு அடுத்த பக்கத்தில் எழுதுங்கள். அடுத்த பிப்ரவரியில் எங்கே கை வைக்க வேண்டும் என்பது அந்தப் பக்கத்தில் இருக்கும்.